முகமூடித் தவளையும் மூடுபனி லண்டனும்: ஜெர்மன் ‘க்ரிமி’ படங்களுக்கு ஓர் அறிமுகம்

ஜெர்மன் மொழியில் துப்பறியும் நாவல், கொலைக் கதை, மர்மத் தொடர் எல்லாமே ‘க்ரிமி’தான். ‘க்ரிமினால்ரோமான்’, ‘க்ரிமினால்ஃபில்ம்’ என்ற நீளமான சொற்களைப் பேச்சில் அப்படிச் சுருக்கிவிட்டார்கள். பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் வெளிநாட்டு ரசிகர்கள் ‘க்ரிமி’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் எல்லை இன்னும் சிறியது. 1959-க்கும் 1972-க்கும் இடையில் மேற்கு ஜெர்மனியில், பெரும்பாலும் எட்கர் வாலஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல்களிலிருந்து எடுக்கப்பட்ட மர்மப் படங்களைத்தான் அவர்கள் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரையும் அவற்றைப் பற்றியதுதான்.

அந்த வரிசையைத் தொடங்கி வைத்த படத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் மற்றவை தாமாகப் புரியும். 1959-இல் வந்த ‘டெர் ஃப்ராஷ் மிட் டெர் மாஸ்கே’தான் அந்தப் படம். ‘முகமூடி அணிந்த தவளை’ என்று பொருள். இயக்கியவர் ஹரால்ட் ரைன்ல். மூலம், வாலஸ் 1925-இல் வெளியிட்ட தவளைக் கும்பல் நாவல்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லலாம். லண்டனை ஒரு கொள்ளைக் கும்பல் ஆட்டிப் படைக்கிறது. கும்பலில் உள்ள ஒவ்வொருவர் கையிலும் தவளை முத்திரை. தலைவன் யாரென்று கும்பலுக்கே தெரியாது. பெரிய கண்ணாடிக் கண்கள் பிதுங்கும் முகமூடியோடு வருவான், பெட்டகத்தை உடைப்பான், மறைந்துவிடுவான். அவனுக்கு எலா பென்னட் என்ற பெண்ணின் மேல் கண். அவளை அடைவதற்காக அவளுடைய தம்பி ரே-யைத் தன் வலைக்குள் இழுக்கிறான். அப்பா ஜான் பென்னட் அவ்வப்போது வீட்டைவிட்டுப் போய்விடுவார். எங்கே போகிறார், பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. ஸ்காட்லாந்து யார்டின் இன்ஸ்பெக்டர் எல்க் ஒரு பக்கமும் ரிச்சர்ட் கார்டன் என்ற இளைஞன் இன்னொரு பக்கமுமாகத் துப்புத் துலக்குகிறார்கள். தவளை யார் என்பது இந்தக் கட்டுரையில் எங்கும் வராது.

ஜெர்மன் படத்துக்கு ஏன் லண்டன்?

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நடிகர்கள் ஜெர்மானியர்கள், பேச்சு ஜெர்மன். ஆனால் கதைமாந்தர்களுக்கு ஆங்கிலப் பெயர், போலீஸ் என்றால் ஸ்காட்லாந்து யார்டு. மூலநாவல் அப்படி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிப் பதில்தான். பிரெஞ்சு, அமெரிக்க நாவல்களை எடுத்து உள்ளூர் ஊர்ப் பெயர், உள்ளூர் போலீஸ் என்று மாற்றிக்கொண்ட படங்கள் உலகத்தில் ஏராளம். இவர்கள் மாற்றவில்லை. மாற்றாததற்குக் காரணம் இருந்தது.

1950-களின் மேற்கு ஜெர்மன் திரையில் கோலோச்சியவை ‘ஹைமாட்ஃபில்ம்’ எனப்பட்ட ஊர்ப்பாசப் படங்கள். மலை, காடு, பாட்டு, நல்ல மனிதர்கள். போர் முடிந்து பதினான்கு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு ஜெர்மன் ஊரில் பிணம் விழுந்து, ஜெர்மன் போலீஸ் அதிகாரி விசாரணைக்கு வந்தால், ‘1944-இல் நீ எங்கே இருந்தாய்?’ என்ற கேள்வி பார்வையாளர் மனதில் எழாமல் போகாது. நாற்பது வயதைத் தாண்டிய எந்தக் கதாபாத்திரத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கும். பணக்காரர் என்றால் பணம் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கும். லண்டனில் இந்தத் தொல்லை கிடையாது. பிரபு, மாளிகை, உயில், மூடுபனி எல்லாம் போருக்கு முந்தைய ஒரு கற்பனை உலகத்தைச் சேர்ந்தவை. கொலையைப் பயமில்லாமல் ரசிக்க அந்தத் தூரம் தேவைப்பட்டது.

இதைவிடத் திட்டவட்டமான ஒரு காரணமும் உண்டு. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தவளைக் கதையில் தூக்குமேடைக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. யாருக்காக, யாரால் என்று சொன்னால் பாதி ருசி போய்விடும். 1949-இல் இயற்றிய மேற்கு ஜெர்மன் அரசியல் சட்டம் 102-ஆம் பிரிவில் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. பிரிட்டனிலோ 1964 ஆகஸ்ட் வரை தூக்குத் தண்டனை நடந்தது. அதாவது 1959-இல் இந்தக் கதையை ஹாம்பர்க்கிலோ மியூனிக்கிலோ நடப்பதாகக் காட்டவே முடியாது. லண்டன்தான் அதற்கு வழிவிட்டது.

வாலஸ் ஜெர்மானியர்களுக்குப் புதியவர் அல்ல. 1875-இல் கிரீனிச்சில் பிறந்து 1932-இல் ஹாலிவுட்டில் இறந்த அவர், நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். எழுதினார் என்பதைவிடச் சொன்னார் என்பதே சரி. மெழுகு உருளையில் ஒலிப்பதிவாகச் சொல்லிக்கொண்டே போவார், செயலாளர்கள் தட்டச்சு செய்வார்கள். ஜெர்மன் மொழியில் அவரைப் பரப்பியவர் வில்ஹெல்ம் கோல்ட்மன் என்ற பதிப்பாளர். ‘எட்கர் வாலஸிடம் கட்டுண்டு போகாமல் இருக்க முடியாது’ என்பது அவருடைய விளம்பர வாசகம். போருக்குப் பின் 1952 முதல் கோல்ட்மனின் சிவப்பு அட்டைப் பாக்கெட் நாவல்கள் கடை கடையாகப் போயின. படம் எடுப்பதற்கு முன்பே வாசகர் கூட்டம் இருந்தது.

ஆனாலும் துப்பறியும் படம் ஓடாது என்ற எண்ணம் விநியோகஸ்தர்களிடம் இருந்தது. துணிந்து இறங்கியவர் ஒரு டென்மார்க்காரர், ரியால்டோ நிறுவனத்தின் ப்ரேபென் ஃபிலிப்சன். முதல் படத்தின் படப்பிடிப்பே டென்மார்க்கில்தான் நடந்தது. கான்ஸ்டன்டின் நிறுவனம் வெளியிட்டது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரையரங்குக்கு வந்தார்கள். அதன்பின் ரியால்டோ மட்டும் மொத்தம் 32 வாலஸ் படங்களை எடுத்தது.

நாவல் படமாக மாறும்போது

திரைக்கதையில் ‘ட்ரிக்வே லார்சன்’ என்ற பெயர் வரும். எகோன் ஐஸ் என்ற வியன்னாக்காரரின் புனைபெயர் அது. 1931-இல் ‘டெர் ட்சிங்கர்’ என்ற வாலஸ் படத்துக்கு எழுதிய குழுவிலும் அவர் இருந்தார். உடன் எழுதியவர் யோவாகிம் பார்ட்ஷ். இவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் க்ரிமியின் அச்சு கிடைத்துவிடும்.

நாவலில் கார்டன் அரசு வழக்குத் துறை அதிகாரி. கோப்பு, சாட்சி, நீதிமன்றம் என்று அவனுடைய உலகம். படத்தில் அவன் பணக்கார அமெரிக்கன். பொழுதுபோக்காகத் துப்பறிகிறவன், ஸ்காட்லாந்து யார்டின் பெரிய அதிகாரிக்கு உறவுக்காரன். இந்த ஒரு மாற்றம் மூன்று வேலைகளைச் செய்கிறது. அவன் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், சுவரேறிக் குதிக்கலாம். யார்டுக்குள் நினைத்தபோது போய்வரலாம். சண்டைக் காட்சிக்கு ஆளும் கிடைத்துவிடுகிறான். யோவாகிம் ஃபுக்ஸ்பெர்கர் நடித்தது அந்த வேடத்தில்தான். இந்தப் படம்தான் அவரை ஜெர்மனியின் நிரந்தரத் துப்பறிவாளராக்கியது.

கார்டனுக்கு ஜேம்ஸ் என்று ஒரு பட்லர். எடி ஆரென்ட் என்ற நடிகருக்காகவே அமைந்த வேடம். ஜூடோ பழகுகிற, தன்னைப் பெரிய வீரனாக நினைத்துக்கொள்கிற அப்பாவி. இரண்டு கொலைகளுக்கு நடுவில் பார்வையாளர் மூச்சு வாங்க இடம் வேண்டும் என்பதால் வந்த பாத்திரம் இது. ஆரென்ட் பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட வாலஸ் படங்களில் தலைகாட்டினார்.

நாவலில் எல்க் சார்ஜென்ட். வரலாற்றுத் தேர்வில் ஆண்டுகள் நினைவில் நிற்காததால் பதவி உயர்வுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்கிறவர். படிக்கும்போது மனதில் ஒட்டிக்கொள்ளும் விவரம் இது. படத்தில் அதற்கு நேரமில்லை. எடுத்த எடுப்பிலேயே இன்ஸ்பெக்டராக்கிவிட்டார்கள். ஆனால் ஸீக்ஃப்ரிட் லோவிட்ஸின் களைத்த முகமும் முணுமுணுப்பும் அந்தப் பழைய எல்க்கின் மிச்சத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. 1977-இல் ‘டெர் ஆல்டே’ தொலைக்காட்சித் தொடரில் கமிஷனராக வந்தவரும் இவரே.

நாவலில் நிதானமாக விரியும் நிகழ்ச்சிகளைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடைக்கும்போது காரணங்கள் முதலில் உதிர்கின்றன. யார் எதற்காக அந்த அறைக்குள் வந்தான் என்பது போய், வந்தான் என்பது மட்டும் மிஞ்சுகிறது. க்ரிமியில் ஓட்டைகள் தெரிவதற்கு முக்கியமான காரணம் இந்தச் சுருக்கம்தான். வாலஸே வேகவேகமாகச் சொல்லி எழுதியவர் என்பதால் மூலத்திலேயே சில முடிச்சுகள் தளர்ந்திருக்கும். சுருக்கும்போது அவை அவிழ்ந்துவிடும். நல்ல இயக்குநர் அந்த இடத்தில் ஒரு மூடுபனிக் காட்சியையோ ஒரு அலறலையோ வைத்து நம்மைத் தாண்ட வைப்பார்.

கேளிக்கை விடுதிப் பாட்டும் அப்படி ஒரு தாண்டல்தான். ஈவா ஃப்ளூக் பாடும் ‘தேம்ஸ் கரையில், இரவில், மூடுபனியில்’ என்ற பாட்டு கதையை நிறுத்திவிட்டு ஊரின் வாசனையைக் கொடுக்கிறது. பின்வந்த படங்கள் பலவற்றிலும் இப்படி ஒரு பாடகியும் ஒரு புகை மண்டிய விடுதியும் இருக்கும்.

எந்தப் படத்திலும் இருக்கும் பாகங்கள்

ஒரு க்ரிமியை அடையாளம் காண இவ்வளவு போதும். தலைப்பு எழுத்து வருவதற்கு முன்போ, வந்த உடனேயோ ஒரு கொலை அல்லது கொள்ளை. அடையாளம் உள்ள ஒரு வில்லன்: தவளை, துறவி, பச்சை வில்லாளி, சுறா. பெரும் சொத்துக்கு வாரிசான, தான் வாரிசு என்று பெரும்பாலும் தெரியாத இளம்பெண். அவளைக் காப்பாற்றும் இன்ஸ்பெக்டர். ஒரு சிரிப்பு ஆள். யார்டின் தலைவராக ஒரு தோரணையான பெரியவர். 1962 முதல் பெரும்பாலும் ‘சர் ஜான்’ என்ற பெயரில் ஸீக்ஃப்ரிட் ஷூரன்பெர்க் இதில் வருவார். பூட்டிய அறைகளும் ரகசிய வழிகளும் உள்ள மாளிகை. பார்த்தாலே இவன்தான் என்று தோன்றும் ஒருவன்.

அந்தக் கடைசி ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தவளைப் படத்தில் க்ளவுஸ் கின்ஸ்கி இல்லை. ஆனால் 1960 முதல் அவர் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டார். பிதுங்கிய கண், நடுங்கும் உதடு, சட்டென்று கிளம்பும் கோபம். திரையில் அவரைப் பார்த்ததும் கொலைகாரன் இவனே என்று முடிவுகட்டுவோம். இயக்குநர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அவர் பெரும்பாலும் யாருக்கோ அடியாளாகவோ, வாயைத் திறப்பதற்கு முன் செத்துப்போகிறவராகவோ இருப்பார். கின்ஸ்கி இருக்கும் படத்தில் கின்ஸ்கியைப் பார்க்காமல், அவர் பக்கத்தில் அமைதியாக நிற்பவரைப் பார்த்துப் பழகுங்கள்.

தவளைப் படத்தில் முதலாளி மெய்ட்லண்டாக நடிக்கும் ஃப்ரிட்ஸ் ராஸ்பையும் கவனிக்க வேண்டும். ஊமைப் படக் காலத்திலிருந்தே ஜெர்மன் திரையின் ஒல்லியான, வழுக்கும் வில்லன் அவர். 1931, 1932-இல் வந்த வாலஸ் படங்களிலும் நடித்தவர். ஒளியையும் நிழலையும் வெட்டி வைக்கும் பழைய ஜெர்மன் பாணி இந்தப் படங்களுக்குள் வந்தது ஒளிப்பதிவு வழியாக மட்டுமல்ல, இப்படி முகங்கள் வழியாகவும்தான்.

லண்டனைச் செய்யும் முறை

முதல் இரண்டு படங்களுக்குப் பிறகு படப்பிடிப்பு டென்மார்க்கைவிட்டு ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் வந்தது. லண்டனில் எடுத்தவை பெரும்பாலும் இணைப்புக் காட்சிகள்: பாலம், சிவப்புப் பேருந்து, யார்டின் வாசல். அதே துண்டுகள் வேறுவேறு படங்களில் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துவிடலாம். மாளிகைக்கு ஹாம்பர்க் அருகிலுள்ள ஆரன்ஸ்பர்க் கோட்டை. 1961-இன் ‘பச்சை வில்லாளி’யில் அதைப் பார்க்கலாம். தேம்ஸ் கரைக்கு ஹாம்பர்க் துறைமுகத்தின் ஸ்பைகர்ஷ்டாட் எனும் செங்கல் கிடங்குப் பகுதி. வாய்க்காலை ஒட்டி உயர்ந்த சுவர்கள், குறுகிய பாலங்கள். இரவில் புகை அடித்தால் வேறெதுவும் தேவையில்லை.

அந்தப் புகைதான் இந்தக் கலையின் உயிர்நாடி. மூடுபனி பின்னணியை மறைப்பதால் நான்கு சுவரும் ஒரு விளக்குக் கம்பமும் தெருவாகிவிடும்; தூரத்து ஜெர்மன் பலகை தெரியாது. விளக்கைப் பின்னால் வைத்தால் ஆள் வெறும் கறுப்பு உருவம், முகம் தெரியாது. கொலைகாரனைக் காட்டிக்கொண்டே மறைக்கலாம். இதெல்லாம் கறுப்பு வெள்ளையில் கச்சிதமாக நடக்கும். 1966-இல் ‘சோஹோவின் கூனன்’ படத்தோடு ரியால்டோ வண்ணத்துக்கு மாறியபோது செலவும் பளபளப்பும் கூடின, மர்மம் குறைந்தது. வண்ணத்தில் புகை வெறும் புகையாகத் தெரிகிறது, அரங்கச் சுவர் அரங்கச் சுவராகத் தெரிகிறது. வண்ணப் படங்களை விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் இந்த வகையின் உச்சம் 1961-க்கும் 1965-க்கும் இடையில் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

அந்த உச்சத்துக்கு அல்ஃப்ரெட் ஃபோரர் என்ற இயக்குநர்தான் பெரிய காரணம். ரைன்ல் ஐந்து வாலஸ் படங்கள் எடுத்தார், ஃபோரர் பதினான்கு. ரைன்லின் கேமரா நிதானமானது, வெளிப்புறக் காட்சிகளில் தேர்ந்தது. ஃபோரருக்கு விசித்திரக் கோணங்கள் வேண்டும். 1961-இன் ‘லண்டனின் இறந்த கண்கள்’ படத்தில் ஒருவர் பல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுவதை வாய்க்குள்ளிருந்தே காட்டுகிறார். பின்வந்த படங்களின் தொடக்கத்தில் துப்பாக்கி வெடிக்க, ‘ஹலோ, பேசுவது எட்கர் வாலஸ்’ என்று ஒரு குரல் கேட்கும். அந்த எழுத்தாளர் இறந்து முப்பது வருடம் ஆன பின்பு! பீட்டர் தாமஸின் இசையில் அலறலும் துப்பாக்கிச் சத்தமும் எதிரொலியும் வாத்தியங்களோடு வாத்தியமாகக் கலந்திருக்கும்.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

தவளையில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் படம் என்பதால் அதில் தயக்கங்கள் உண்டு, வேகம் சில இடங்களில் தளரும். அடுத்து ‘இறந்த கண்கள்’: மூடுபனி இரவுகளில் பணக்காரக் கிழவர்கள் தேம்ஸில் பிணமாக மிதக்கிறார்கள், தடயம் பார்வையற்றோர் படிக்கும் எழுத்தில் கிடைக்கிறது. இந்த வகையில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். பிறகு 1962-இன் ‘தேம்ஸ் கரை விடுதி’. முக்குளிப்பவன் உடையில், ஈட்டித் துப்பாக்கியோடு வரும் வில்லன். 1963-இன் ‘இந்தியத் துணி’ முழுக்க ஒரு கோட்டைக்குள் நடக்கிறது. உயிலின்படி வாரிசுகள் ஆறு நாள் சேர்ந்து தங்க வேண்டும், ஒவ்வொருவராகக் கழுத்து நெரிபட்டுச் சாகிறார்கள். இடம் ஒன்றே என்பதால் குழப்பம் குறைவு, புதியவர்களுக்கு ஏற்றது.

ஆள் பெயர்கள் குழப்பும். எட்டுப் பத்துச் சந்தேக ஆட்கள் இருபது நிமிடத்துக்குள் வந்து நின்றுவிடுவார்கள். பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் மனதில் வையுங்கள். இறந்தவன் பணம் யாருக்குப் போகிறது? கொலை நடக்கும்போது யார் கண்ணில் படவில்லை? எந்தக் காரணமும் இல்லாமல் அடிக்கடி காட்டப்படுகிறவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் அநேகமாக அது பொறி. இரண்டுக்கு வந்தால் நெருங்கிவிட்டீர்கள்.

ஜெர்மன் ஒலியோடு, துணைத்தலைப்பு வைத்துப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன ஆங்கில மொழிமாற்றப் பதிப்புகளில் சில வெட்டுப்பட்டவை; ஆரென்டின் நகைச்சுவையும் குரலின் தொனியும் அவற்றில் அடிபட்டுப் போகும். பழைய ஐரோப்பியக் குறுந்தட்டில் 90 நிமிடப் படம் 86 நிமிடத்தில் முடிந்தால் வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். திரையரங்கில் நொடிக்கு 24 படச்சட்டம் (ஃபிரேம்) ஓடியது, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 25 ஓடும். அதனால் நேரம் குறையும், குரல் சற்றே மேலேறும். கவனிக்க வேண்டியது வேறு. 1963 முதல் வந்த படங்கள் பல அகலத்திரையில் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். ஃபோரர் கொலைகாரனின் கையை அடிக்கடி சட்டத்தின் ஓரத்தில்தான் வைப்பார். ஓரம் போனால் தடயமும் போய்விடும்.

இன்னொன்று: கதைச்சுருக்கத்தை முன்கூட்டிப் படிக்காதீர்கள். 1962 ஜனவரியில் ‘டாஸ் ஹால்ஸ்டூக்’ என்ற ஆறு பகுதி மர்மத் தொடர் தொலைக்காட்சியில் ஓடியபோது மேற்கு ஜெர்மனியின் தெருக்கள் வெறிச்சோடின. கடைசிப் பகுதிக்கு முன்னால் வொல்ஃப்காங் நொய்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் கொலைகாரனின் பெயரைச் செய்தித்தாள் விளம்பரத்தில் போட்டு உடைத்தார். நாடே கொதித்துப்போனது. அந்தக் கோபம் நியாயமானதுதான். முடிவை ஒருமுறைதான் தெரியாமல் பார்க்க முடியும்.

வண்ணத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடுபவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று தெற்கே போகிறது. கடைசி வருடங்களில் ரியால்டோ இத்தாலியர்களோடு சேர்ந்து எடுத்தது. 1972-இன் கடைசிப் படத்தை இயக்கியவர் உம்பெர்டோ லென்சி. சிவப்பு அட்டை நாவலிலிருந்து ஜெர்மன் க்ரிமி பிறந்ததுபோல், மஞ்சள் அட்டை நாவல்களால் ‘ஜல்லோ’ என்று பெயர் பெற்ற இத்தாலிய வகை அங்கே அதற்குள் வளர்ந்திருந்தது. இன்னொரு வழி வீட்டுக்குத் திரும்புகிறது. 1964-இல் வாலஸ் படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஹெர்பெர்ட் ரைனெக்கர், 1974 முதல் ‘டெரிக்’ தொலைக்காட்சித் தொடரின் 281 பகுதிகளையும் எழுதினார். ஃபோரர் அவற்றில் பலவற்றை இயக்கினார். அதில் லண்டன் இல்லை, மூடுபனி இல்லை, முகமூடி இல்லை. மியூனிக் புறநகரில் சுத்தமான வரவேற்பறை, அதன் கம்பளத்தில் ஒரு பிணம், கதவருகே மழைக்கோட்டோடு ஒரு ஜெர்மன் அதிகாரி.